மூடுபனியில் இறங்கிய விமானம்

கடலிலிருந்து மூடுபனி ஏறிவந்தால் ஹெட்லி ரைட்அவுட்டின் முகம் தெளிந்துவிடும். ஆங்கர் ஹவுஸ் ஓட்டலின் முதலாளி அவர். வரவேற்பறை ஜன்னல் பக்கம் போய், காற்சட்டைப் பைகளில் கைவிட்டு நின்று, எதிரே இருந்த தேவாலயக் கோபுரம் மெல்ல மெல்லக் காணாமல் போவதை ரசிப்பார். பிறகு மாடிப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பார்: "கேவெல், மேல்மாடியையும் தயார் பண்ணிடு கண்ணு. இன்னைக்கு ஒரு பிளேனும் கிளம்பாது."

கேவெல் ஹைன்ஸ் அந்த ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்குத் தலைவி. நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில், கானர்ஸ் பைட் என்ற அந்தச் சின்ன ஊரிலேயே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே வெல்டர் லியாண்டரைக் கட்டிக்கொண்டவள். வருஷத்தில் பாதி நாள் மூடுபனி பிடித்த ஊர் அது. விமானம் இறங்காத நாட்களில் மாட்டிக்கொண்ட பயணிகள் எல்லோரும் ஆங்கர் ஹவுஸுக்குத்தான் வந்தாக வேண்டும். வேறு ஓட்டல் கிடையாது. ரைட்அவுட்டின் ஓட்டலும், அதில் அறைகளைக் கூட்டித் துடைத்த பத்துப் பன்னிரண்டு பெண்களின் அடுப்பும் அந்தப் பனியில்தான் எரிந்தன. கேவெலுக்கு இது தெரியாததல்ல. பனி வந்தால் கூலி வரும்; அதே பனியில் புருஷன் வரமாட்டான். பல வருஷம் அவள் இரண்டையும் ஒரே மனசுக்குள் வைத்துக்கொண்டு போர்வை மடித்தாள்.

கடலில் மீன் பிடிக்கத் தடை வந்து, மீன் தொழிற்சாலையைப் பூட்டியபோது ஊர் ஆண்களில் பாதிப்பேர் மேற்கே ஆல்பர்ட்டாவின் எண்ணெய்ச் சுரங்கங்களுக்குப் போனார்கள். லியாண்டரும் போனான். மூன்று வாரம் அங்கே வேலை, ஒரு வாரம் வீடு. கணக்குக்கு ஒரு வாரம். நாடு முழுக்க மூன்று விமானம் மாறி, கடைசியாக ஹாலிஃபாக்ஸ் நகரத்தில் சின்ன விமானம் ஏறி வரவேண்டும். அந்தக் கடைசித் துண்டில்தான் பனி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். விமானம் ஊருக்கு மேலே வந்து இரண்டு சுற்றுச் சுற்றும். சத்தம் நன்றாகக் கேட்கும். பிறகு சத்தம் தேய்ந்து, ஹாலிஃபாக்ஸுக்கே திரும்பிப் போய்விடும்.

மகள் நோரீனுக்கு ஏழு வயதிருக்கும்போது ஒருமுறை பிறந்தநாள் கேக்கை வெட்டாமல் வைத்திருந்தார்கள். கூரைக்கு மேலே விமானத்தின் இரைச்சல் வந்தது, போனது. பெண் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா மேலதான் இருந்தாரு. என்னைப் பாக்காமப் போயிட்டாரு" என்றாள். கேவெல் அன்றைக்கு ஆறுதல் சொல்ல ஏதோ ஒன்றைச் சொன்னாள். என்ன சொன்னாள் என்று பின்னாளில் அவளுக்கே நினைவில்லை.

நோரீன் பள்ளி முடிக்கும் காலத்தில் லியாண்டரின் வரவு குறைந்துபோனது. வந்தாலும் ஹாலிஃபாக்ஸ் நிலையத்து நாற்காலியில் தூங்கிய கழுத்தோடு வருவான். உப்பு மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் வேகவைத்து எதிரே வைத்தால், தட்டைப் பார்த்துக்கொண்டே பேசுவான்.

"ரெண்டு நாள் பெஞ்சுல படுத்து வர்றேன். மூணு நாள் வீட்டுல. அப்புறம் பனி எறங்குறதுக்குள்ள ஓடணும்னு ஒரு நாள் முன்னாடியே கெளம்புறேன். இது எதுக்கு கேவெல்? பேசாம அங்கயே கேம்ப்ல படுத்துத் தூங்கினா ஒடம்பாவது மிஞ்சும்."

"அப்ப வராத. ஒங்க அம்மாவ யாரு பாக்குறது? அவங்க தினம் ஜன்னல்ல உக்காந்து லீ லீன்னு ஒன்னத்தான் கேக்குறாங்க."

"நான் வரமாட்டேன்னா சொன்னேன்? பனி விடமாட்டேங்குதுன்னு சொன்னேன்."

அவள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். தன் குடும்பத்தின் மேல் இறங்கியிருப்பது பனி மட்டும்தான், அது விலகினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினாள். நம்புவதற்கு அதைவிட நல்லதாக எதுவும் அவள் கையில் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் விமான நிலைய வாரியத்துக்கு மாகாண அரசு உதவிப் பணம் தருவதாகச் செய்தி வந்தது. அதை வைத்து என்ன செய்வது என்பதில் ஊர் இரண்டுபட்டது. கடலைப் பார்த்த கண்ணாடிச் சுவரோடு புதுக் கட்டடம் கட்டலாம் என்றது ஒரு கட்சி. பனியிலும் விமானத்தை இறக்கும் கருவி வாங்கலாம் என்றது இன்னொன்று. ஓடுபாதையின் முனையிலிருந்து வானொலி அலைகள் கிளம்பி, இந்தக் கோட்டில் வா, இந்தச் சரிவில் இறங்கு என்று விமானத்துக்கு வழி காட்டும். அதற்கு முன்னால் வரிசையாக விளக்குகள் நட வேண்டும். விமானி தரைக்கு வெகு அருகில் வந்த பிறகு ஓடுபாதையைப் பார்த்தால் போதும். ரைட்அவுட் வாரியத்தில் ஓர் உறுப்பினர். அவர் எந்தக் கட்சி என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

கேவெல் அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்தவளில்லை. இப்போது வேலை முடிந்ததும் மேலங்கியை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். மேற்கே ஆள் போன வீடுகளாகப் பார்த்துப் படியேறினாள். பக்கத்து வீட்டு டல்சி பார்டி தேநீர் கொடுத்தாள், டின் பால் ஊற்றினாள், பேச்சை மட்டும் ஊற்றவில்லை. டல்சியின் புருஷன் கார்லண்டும் லியாண்டரும் ஒரே சுரங்கத்தில்தான் வேலை பார்த்தார்கள்.

"நீ எதுக்கு இவ்வளவு அலையுற கேவெல்? குளிரு வேற" என்றாள் டல்சி.

"உன் ஆளும்தான மாட்டிக்கிட்டு நிக்கிறான்?"

"நிக்கிறான். இருந்தாலும்..." டல்சி மேசைத் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். "சரி, கூட்டத்துக்கு வர்றேன்."

லயன்ஸ் மன்றத்தில் கூட்டம் நடந்தது. நாற்காலி போதாமல் சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். ரைட்அவுட் முதலில் பேசினார். நன்றாகத்தான் பேசினார். ஒரு நாளைக்கு இரண்டு விமானம் வரும் ஊருக்கு இவ்வளவு பெரிய கருவியா, அதைப் பராமரிக்க ஆள் யார், சின்ன விமானக் கம்பெனிகள் தங்கள் விமானத்திலும் அதற்கேற்ற கருவியை மாட்டி விமானிகளைப் பழக்காவிட்டால் இது வெறும் விளக்குக் கம்பம்தானே, மருத்துவமனைச் சாலை குண்டும் குழியுமாகக் கிடக்கிறதே என்று வரிசையாகக் கேட்டார். கடைசியில் கேவெலைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒரு விஷயம் சொல்லிடறேன். என் ஓட்டல்ல வேலை பாக்குற பொம்பளைங்க இங்க நெறையப் பேரு இருக்கீங்க. பனி உங்களுக்கும்தான் சோறு போடுது. அத மறந்துட்டுக் கை தூக்காதீங்க."

கேவெல் எழுந்தாள். கையில் எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

"ஹெட்லி சொல்றது நெசம். நானும் அந்தச் சோத்தத்தான் திங்குறேன். ஆனா எங்க வீட்டு ஆளுங்க மூணு வாரம் ஒழைச்சிட்டு ஒரு வாரம் வீட்டுக்கு வர்றாங்க. அதுல பாதியப் பனி தின்னுடுது. எம் பொண்ணு அவங்க அப்பாவோட சத்தத்த மட்டும் கேட்டு வளந்தவ. மேல சுத்துற சத்தம். எனக்குக் கண்ணாடிச் சுவரு வேணாம். அது வழியாப் பாத்தாலும் பனிதான் தெரியப்போவுது. எம் புருஷன் வீட்டுக்கு வரணும்னுதான் நெனைக்கிறான். வரவிடுங்க."

முன்வரிசையில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டல்சி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். சுவரோரம் நின்ற ஆண்கள் தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். தன் பேச்சு அவர்களைத் தொட்டுவிட்டது என்று கேவெல் நினைத்தாள். அன்று வீட்டுக்கு நடந்து வருகையில், தன் வாழ்நாளில் முதல்முறையாகத் தானும் ஒரு பொருட்டு என்று தோன்றியது அவளுக்கு.

வாரியம் கருவியை வாங்க முடிவெடுத்தது. ரைட்அவுட் அவளை வேலையைவிட்டு நீக்கவில்லை. நிலவறையில் துணி வெளுக்கும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் மாற்றிப் போட்டார், அவ்வளவுதான். கூட வேலை பார்த்த ஐனா ஸ்ட்ரிக்லண்ட் ஒருநாள் ஈரப் படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்து அவள் காலடியில் கொட்டினாள்.

"உனக்குப் புருஷன் வரணும். எனக்குப் புருஷனே இல்ல, கூலி மட்டும்தான் வருது. அதையும் ஏன் தொரத்துற?"

கேவெல் விரிப்புகளை அள்ளி இயந்திரத்தில் போட்டாள்.

விளக்குகள் நட்டு, கருவி பொருத்தி, சோதனை விமானங்கள் வந்து போய், எல்லாம் முடிய இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இந்த இரண்டு வருஷத்தில் லியாண்டர் வந்தது கொஞ்சம். பனி, கூடுதல் வேலை, ஹாலிஃபாக்ஸில் ரத்து, திரும்பவும் பனி. திறப்பு விழாவை வசந்தத்தில் வைத்திருந்தார்கள். ஆனால் சோதனை முன்னாலேயே தேறிவிட்டதால் நவம்பரிலேயே கருவி வேலைக்கு வந்தது. விமானக் கம்பெனியும் தன் விமானிகளைப் பழக்கி முடித்திருந்தது. ஊரில் இந்தச் செய்தி பரவ இரண்டு மூன்று நாள் பிடித்தது. கேவெல் லியாண்டரிடம் சொல்லவில்லை. பனிக்குள்ளேயே அவன் வந்து இறங்கி, படியில் நின்று முழிப்பதைப் பார்க்க ஆசைப்பட்டாள். அத்தனை வயதில் அப்படி ஓர் ஆசை வந்ததில் அவளுக்கே கொஞ்சம் வெட்கம்.

அவன் வருவதாகச் சொன்ன நாள் காலையில் தொலைபேசியில் பேசினான். ஹாலிஃபாக்ஸில் இருப்பதாகச் சொன்னான்.

"அங்க எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"கைய நீட்டினா கை தெரியல" என்றாள் கேவெல், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அம்மாவோட ஜன்னல்ல வேலியே காணோம்."

"ம். பாப்போம்."

மத்தியானம் அவள் நல்ல உடுப்பை எடுத்து உடுத்தினாள். மாமியார் எம்மலினுக்குச் சாப்பாடு கொடுத்து, கால்மேல் கம்பளியைப் போர்த்திவிட்டு, காரை மெதுவாக ஊர்ந்து ஓட்டி விமான நிலையத்துக்கு வந்தாள். காத்திருக்கும் கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். முதல்முறையாகப் பனியில் விமானம் இறங்கப்போகிறது என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. வெளியே வெள்ளைச் சுவர் எழுப்பிய மாதிரி இருந்தது. விளக்குகள்கூட மங்கல் பொட்டுகளாகத்தான் தெரிந்தன.

அவள் கைப்பையில் தொலைபேசி அடித்தது.

"கண்ணு, நாந்தான். மோசம் போயிட்டோம். பாதி தூரம் வந்துட்டுத் திரும்பிட்டானுங்க. கானர்ஸ் பைட்டுல எறங்க முடியாதாம். திரும்ப ஹாலிஃபாக்ஸ்லதான் நிக்கிறேன்."

"திரும்பிட்டாங்களா?"

"ஆமா. பனி. என்ன பண்றது? நாளைக்கும் இப்படித்தான் இருக்கும்போல. பேசாம நான் வேலைக்கே திரும்பிப் போயிடட்டுமா? அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"சரி" என்றாள். பதினெட்டு வருஷப் பழக்கம். அந்த வார்த்தை தானாக வந்தது. தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, ஏமாற்றத்தோடு கிளம்பத்தான் எழுந்தாள். கருவி சரியாக வேலை செய்யவில்லை போலிருக்கிறது, ஹெட்லிக்குக் கொண்டாட்டம்தான் என்றுகூட நினைத்தாள்.

அப்போது சத்தம் கேட்டது. மேலே சுற்றும் சத்தம் இல்லை. தாழ்வாக, நேராக வந்தது. சக்கரம் தரையில் உரசும் சத்தமும், அதைத் தொடர்ந்து இன்ஜினின் உறுமலும் கேட்டன. வெள்ளைச் சுவருக்குள்ளிருந்து விமானத்தின் மூக்கு வெளியே வந்தது. கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். யாரோ கேவெலின் தோளைத் தட்டி, "சாதிச்சிட்ட கேவெல்" என்றார்கள்.

அவள் நின்றபடியே நின்றாள். பயணிகள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். நான்காவதோ ஐந்தாவதோ ஆளாக கார்லண்ட் பார்டி வந்தான். அவளைக் கண்டதும் அவன் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்துவிட்டது.

"கார்லண்ட், லீ உன்கூட ஏறலையா?"

"இல்ல கேவெல்."

"ஹாலிஃபாக்ஸ்ல பாத்தியா?"

கார்லண்ட் கைப்பெட்டியைக் கீழே வைத்தான். திரும்ப எடுத்தான். "அவன் ஹாலிஃபாக்ஸுக்கு வரவே இல்ல. நம்ம சுரங்கத்துலயே இப்ப அவன் இல்ல. ரெண்டு வருஷம் ஆச்சு. ஆல்பர்ட்டாவுலயே ரெட் டியர்ங்கிற ஊர்ல ஒரு பட்டறையில இருக்கான்." அவன் நிறுத்தினான். "அங்க ஒரு வீடு இருக்கு. ட்ரூடின்னு ஒருத்தி. அவகூடப் பழக்கம் அதுக்கும் முன்னாடியேர்ந்து. நான் சொல்லக்கூடாது, அவன்தான் சொல்லியிருக்கணும்."

"டல்சிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"வேற யாருக்குத் தெரியும்?"

கார்லண்ட் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தை ஒருமுறை பார்த்தான். மேற்கே ஆள் போன வீடு எத்தனை இருக்கிறதோ அத்தனை வீட்டுக்கும் தெரிந்திருக்கும் என்று கேவெலுக்கு அந்தப் பார்வையிலேயே விளங்கிவிட்டது. லயன்ஸ் மன்றத்தில் கண் துடைத்த பெண்களும், தொப்பியைத் திருகிய ஆண்களும் எதற்காகத் தரையைப் பார்த்தார்கள் என்பதும் விளங்கியது. எம் புருஷன் வீட்டுக்கு வரணும்னு நெனைக்கிறான் என்று அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று சொன்னாளே, அந்தக் குரல் இப்போது அவள் காதுக்குள் கேட்டது.

காருக்குள் உட்கார்ந்து அவனைக் கூப்பிட்டாள்.

"லீ, பிளேன் எறங்கிடுச்சு."

"எந்த பிளேன்?"

"நீ ஏறாத பிளேன். பனியிலதான் எறங்குச்சு. போன வாரத்துலேர்ந்து எறங்குறதுக்கு வழி வந்துடுச்சு. கார்லண்டப் பாத்தேன்."

மறுமுனையில் எங்கோ ஒரு தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டின் சத்தம் அது.

"சொல்லணும்னுதான் இருந்தேன் கேவெல். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒவ்வொரு தடவையும் பனி வந்துடுச்சு."

அவள் தொலைபேசியை அணைத்தாள். அவன் சொன்ன பனிகளில் எத்தனை நிஜப் பனி என்று அன்றைக்கு யோசிக்க ஆரம்பித்தவள், கொஞ்ச தூரத்திலேயே நிறுத்திக்கொண்டாள். அந்த வழியில் போனால் மகளின் பிறந்தநாள்வரைக்கும் போக வேண்டியிருக்கும் என்ற பயம் வந்துவிட்டது.

டல்சி மறுநாளே ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். "எப்படிச் சொல்றது கேவெல்? நீ அவ்வளவு நம்பிக்கையாப் பேசிட்டு வந்தே." கேவெல் ரொட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பேச்சும் இல்லாமல் போயிற்று.

நோரீன் அப்போது தலைநகரில் நர்ஸ் படிப்பில் இருந்தாள். செய்தி கேட்டு அழுதாள், அப்பாவைத் திட்டினாள். பிறகு அந்த வேகத்திலேயே அம்மாவிடம் சொன்னாள்: "நீ அந்தக் கருவிக்காக அலையாம இருந்திருந்தா அவரு இப்பவும் அப்பப்ப வந்துக்கிட்டாவது இருந்திருப்பாரு." சொன்ன பிறகு மன்னிப்புக் கேட்டாள். கேவெல் மன்னித்தாள். வார்த்தை மட்டும் மனசைவிட்டுப் போகவில்லை.

அடுத்த வருஷம் ஆங்கர் ஹவுஸின் மேல்மாடியைப் பூட்டினார்கள். ஐனாவோடு சேர்த்து ஐந்து பெண்களுக்கு வேலை போனது. துணி வெளுக்கும் வேலைக்கும் ஆள் தேவைப்படவில்லை. ரைட்அவுட் கேவெலைக் கூப்பிட்டு, கோபமே இல்லாமல், "நான் சொன்னேன் இல்ல கண்ணு?" என்றார். ஐனா வீட்டை விற்றுவிட்டு ஒன்டாரியோ போனாள். போகும்போது கேவெலின் வாசலைத் தாண்டித்தான் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

கேவெலுக்கு விமான நிலையத்திலேயே தேநீர்க் கடையில் வேலை கிடைத்தது. பனி நாட்களில் விமானங்கள் வந்தன. மேற்கேயிருந்து வந்த ஆண்களைப் பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். ஒருமுறை ஒரு கர்ப்பிணியை அடர்ந்த பனியிலும் ஏற்றிக்கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். இதையெல்லாம் அவள் தன் கண்ணால் பார்த்தாள். தேநீர் குடிக்க வந்தவர்கள் எப்போதாவது, "அவ்வளவு பணம் போட்டு வாங்கினது தகுமா கேவெல்?" என்று கேட்பார்கள். "வாங்கினது சரிதான்" என்பாள். உடனே அடுத்த கோப்பையை எடுத்துக் கழுவுவாள்.

மாமியார் எம்மலினை அவள்தான் வைத்துப் பார்த்தாள். வேறு யார் பார்ப்பது? கடைசி நான்கு வருஷம் கிழவிக்கு நினைவு தடுமாறிவிட்டது. குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் "லீ வந்துட்டானா?" என்று கேட்பாள். "பனியா இருக்கு அம்மா" என்பாள் கேவெல். கிழவி சமாதானமாகி வாயைத் திறப்பாள்.

ஒரு ஜூன் மாதத்தில் எம்மலின் இறந்தாள். அடக்கத்துக்கு முந்தைய நாள் மறுபடி கடும் பனி. கேவெல் விடுப்பு எடுத்திருக்கலாம். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல் வேலைக்கு வந்திருந்தாள். மத்தியான விமானம் இறங்கியது. லியாண்டர் வந்தான். தலை நரைத்து, உடம்பு பெருத்திருந்தான். கூட ஒரு பெண், கையில் கறுப்புக் கோட்டு. அந்தப் பெண் பெட்டிகள் வரும் இடத்தில் நின்றுகொண்டாள். அவன் மட்டும் தேநீர்க் கடைக்கு வந்தான்.

"கேவெல்."

"வா."

"அம்மாவப் பாத்துக்கிட்டதுக்கு..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டான். வெளியே பார்த்தான். "ஒண்ணுமே தெரியல. ஆனா பாரு, அப்படியே கொண்டாந்து எறக்கிட்டான். நீ அன்னைக்கு எந்திரிச்சுப் பேசலேன்னா நான் இன்னைக்கு ஹாலிஃபாக்ஸ்லதான் கெடந்திருப்பேன். அடக்கத்துக்கு வந்திருக்கவே முடியாது. அத ஒங்கிட்ட சொல்லணும்னு நெனைச்சேன்."

அவன் மனசாரத்தான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"ரெண்டு டீயா?" என்று கேட்டாள். "அவங்களுக்குப் பால் விடலாமா?"

மறுநாள் தேவாலயத்தில் முதல் வரிசையில் லியாண்டரும் அந்தப் பெண்ணும் நோரீனும் உட்கார்ந்தார்கள். நோரீன் திரும்பித் திரும்பி அம்மாவைக் கூப்பிட்டாள். கேவெல் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுப் பின்னால், தூண் பக்கம் இருந்துகொண்டாள். பாதிரியார் ஊருக்குப் புதியவர். தாயின் மேல் உள்ள அன்பால் இவ்வளவு தூரம், இவ்வளவு பனியில் ஓடிவந்த மகனை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும் என்று அவர் பேசினார். ஊரார் சிலர் இருமினார்கள். டல்சி திரும்பிக் கேவெலைப் பார்த்தாள்.

கேவெல் யாரையும் பார்க்கவில்லை. காலையில் சவப்பெட்டியை மூடுவதற்கு முன் கிழவியின் தலைமுடியைத் தானே வாரிவிட்டதில், சீப்பில் சிக்கிய வெள்ளை முடி இரண்டு அவள் கோட்டுக் கையில் ஒட்டியிருந்தது. அதை எடுத்துப் போட மனசில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.